அல்சேசன் குட்டியை ஏன் கட்டி வைக்கிறோம்?

அல்சேசன் குட்டி வாங்குகிற ஆட்களிடம் காரணம் கேட்டால் அனேகமாக ஒரே பதில்தான்: "வளவுக்குக் காவல் வேணும்." குட்டி வந்த கிழமையே கழுத்தில் சங்கிலி. "ஆக்களோட பழக விட்டா பேந்து கடிக்காது" என்று ஒரு மூலை. ஒன்றரை வருசத்தில் அது தபால்காரரைப் பார்த்தும் பாயும், வீட்டுப் பிள்ளையைப் பார்த்தும் உறுமும். உடனே "இது நல்ல இனமில்லை" என்று பழி நாயின் தலையில்.

உண்மையில் இது ஆட்டு நாய். 1899இல் ஜேர்மனியில் மக்ஸ் ஃபொன் ஸ்டெபானிற்ஸ் என்ற குதிரைப்படைக் கப்டன் ஹோராண்ட் என்ற நாயை வாங்கி, அதையே முதலாவதாகப் பதிந்து, இந்த இனத்துக்கென்று சங்கம் தொடங்கினார். அவர் பார்த்தது வடிவை இல்லை, வேலையை. வேலியில்லாத வயல்களுக்கு நடுவில் ஆடு மேயும். பயிருக்கும் மந்தைக்கும் இடையில் நாய் நாள் முழுக்க மேலும் கீழும் நடக்கும். நடமாடுகிற வேலி! (முதலாம் உலகப் போருக்குப் பிறகு 'ஜேர்மன்' என்ற சொல் பிடிக்காமல் பிரித்தானியர் வைத்த பெயர்தான் அல்சேசன். 1977இல் அவர்களே பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள். நாங்கள் இன்னும் விடேல்லை.)

நாள் முழுக்க நடக்கப் பிறந்த பிராணியை ஆறடிச் சங்கிலியில் கட்டினால் என்ன நடக்கும்?

குட்டி ஓடுகிற பிள்ளையின் குதிக்காலைக் கவ்வுவதும், ஒழுங்கையில் போகிற சைக்கிளைத் துரத்துவதும் கோபத்தால் இல்லை. சிதறினதைச் சேர்க்கிற குணம் அது. அதற்குப் பூவரசங்கம்பால் அடித்தால், மனிசரின் கை ஆபத்தானது என்பதை மட்டும் படிக்கும். விளையாட்டை நிறுத்திவிட்டு அசையாமல் நில்லுங்கோ. கவ்வுறதுக்குப் பழைய துவாய்த் துண்டொன்றைக் குடுங்கோ. கூப்பிட்டதும் வந்தால் அவித்த கோழித் துண்டு. ஒரு தடவைக்கு ஐந்து நிமிசம் போதும். "கம், சிற்" என்று இங்கிலீசில்தான் சொல்லவேணும் என்றும் இல்லை. "வா, இரு" நல்லாவே விளங்கும். ஆனால் அம்மம்மாவும் தம்பியும் ஒரே சொல்லைச் சொல்லவேணும், அவ்வளவுதான்.

மூன்றாம் கிழமையிலிருந்து ஏறக்குறைய பதினாலாம் கிழமை வரை குட்டியின் மனம் திறந்திருக்கும். அப்போது கண்டு பழகாததற்குப் பிறகு பயப்படும். நாங்கள் கட்டி வைக்கிறதும் சரியாக அந்தக் கிழமைகளில்தான். தடுப்பூசி முடியவில்லை, பார்வோ வரும் என்ற பயம் நியாயமானது. அதனால் றோட்டில் இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டு சந்திக்குப் போகலாம். ஓட்டோச் சத்தம், கோயில் மணி, குடை பிடித்த ஆக்கள் எல்லாவற்றையும் பார்க்கட்டும். பயந்த நாய் எல்லாரையும் கடிக்கும். தெளிந்த நாய்தான் ஆள் பார்த்துக் குரைக்கும். காவல் என்றால் அதுதானே?

காது நிமிரேல்லை என்று கவலைப்படுகிறவர்கள், பல்லு முளைக்கிற மாதங்களில் அது விழுந்து எழும்பும், விடுங்கோ. இடுப்பு மூட்டைப் பாருங்கோ. இந்த இனத்துக்கு அதில்தான் பலவீனம். வழுக்குகிற மாபிள் நிலத்தில் வளருகிற குட்டியை ஓடவிடக் கூடாது. இரட்டை ரோமம் வேறு. எங்கட வெயிலுக்கு நடை விடியவும் பொழுதுபட்ட பிறகும் மட்டும்.

அந்த நேரத்தில் எழும்பி நடக்க வீட்டில் ஆளில்லை என்றால், காவலுக்கு ஒரு கமராவும் நல்ல பூட்டும் வாங்குங்கோ.