ஜெர்மனி நாய்க்குட்டி வேண்டாம்... அந்த நாலு மணி நேரம் வேணும்!

பேரிகையிலிருந்து ஒரு வாசகி அக்கா அனுப்பியிருந்த வாட்ஸ்அப் மெசேஜ் இது.

"வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கணும். அவருக்கு ஓசூர் சிப்காட்ல ஷிஃப்ட் வேலை. வீட்ல நான், ஆறு வயசுப் பொண்ணு, மாமியார். போன வருஷம் தெருநாய் துரத்தினதுல இருந்து பொண்ணுக்கு நாய்னாலே பயம். ஆனா குட்டி வேணும்னு கேட்கிறதும் அவதான். ஜெர்மனியில இருக்கிற எங்க அண்ணன், 'இங்க ப்ரீடருங்க எல்லாம் பக்காவா வளர்ப்பாங்க. குழந்தைங்களோட நல்லா பழகும். ஒண்ணு வாங்கி அனுப்பிடறேன்'ங்கிறார். சரிதானா?"

அக்கா, அண்ணன் சொல்றதுல பாதி சரி. எந்தப் பாதின்னு பார்க்கலாம்.

முதலில் சரியில்லாத பாதி. வெளிநாட்டிலிருந்து நாயை பார்சல் மாதிரி அனுப்ப முடியாது. 2016 ஏப்ரலில் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் நாய் இறக்குமதிக்குக் கடிவாளம் போட்டுவிட்டது. வெளிநாட்டில் இரண்டு வருஷம் தொடர்ந்து வாழ்ந்துவிட்டு, குடியையே மாற்றிக்கொண்டு இந்தியா திரும்புபவர்கள், தாங்கள் வளர்த்த செல்லப் பிராணிகளில் இரண்டு வரை கூட்டிவரலாம். அதற்கும் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்பு அதிகாரிகளின் அனுமதிச் சான்று வேண்டும். பாதுகாப்புப் படைகளுக்கும் ஆராய்ச்சிக்கும் தனி வழி உண்டு. தங்கச்சி வீட்டுக்கு ஒரு குட்டி என்பது இதில் எதிலும் சேராது. எனவே, "இம்போர்ட்டட் பப்பி, அட்வான்ஸ் மட்டும் போடுங்க" என்று இன்ஸ்டாகிராமில் யாராவது கேட்டால் பணம் போடாதீர்கள்.

சட்டம் விட்டாலும் காலண்டர் விடாது. அங்கே குட்டிக்கு 12 வாரம் ஆன பிறகுதான் ரேபிஸ் ஊசி போடுவார்கள். ஊசி போட்டு ஒரு மாதம் கழிந்த பிறகே இங்கே வர முடியும். ஆக, கூண்டில் ஏறும்போதே நாலு மாதத்தை ஒட்டி ஆகிவிடும். அதற்குள் நாயின் குணத்தில் முக்கியமான பகுதி உருவாகி முடிந்திருக்கும்.

இதை நிரூபித்த ஆராய்ச்சி பழசு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பல வருஷங்கள் நாய்க்குட்டிகளைக் கவனித்து, ஏறக்குறைய 3-வது வாரத்திலிருந்து 12-வது வாரம் வரைதான் குட்டி 'இவங்க நம்ம ஆளுங்க' என்று கற்றுக்கொள்ளும் காலம் என்றார்கள். அதே ஆய்வகத்தில் நடந்து 1961-ல் வெளியான ஒரு சோதனை கொஞ்சம் கொடூரமானது. உயரமான வேலி போட்ட ஒரு வயலில் மனிதர் முகமே காட்டாமல் குட்டிகளை வளர்த்தார்கள். சில குட்டிகளை மட்டும் நடுவில் ஒரு வாரம் உள்ளே எடுத்து வந்து, ஆட்களோடு பழகவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். 14 வாரம் வரை ஆளையே பார்க்காத குட்டிகள், பிறகு எவ்வளவு கொஞ்சியும் காட்டு விலங்கு மாதிரியேதான் மிரண்டன.

மிரளும் நாய்தான் அக்கா, பெரும்பாலும் கடிக்கும் நாய். குழந்தை ஓடினால், பாட்டி கைத்தடியைத் தூக்கினால், குக்கர் விசில் அடித்தால் எல்லாமே அதற்கு ஆபத்தாகத் தெரியும். ஒரு தடவை கடித்ததும் மொட்டைமாடியில் சங்கிலி. அப்புறம் ஒரு ராத்திரி ஹைவேயில் இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். கழுத்தில் பெல்ட்டோடு ரோட்டோரம் நிற்கிற 'ஃபாரின்' நாய்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இப்போது அண்ணன் சொன்னதில் சரியான பாதி. ஜெர்மனியின் நாய் பாதுகாப்பு விதிகளை 2022 ஜனவரி முதல் இன்னும் இறுக்கினார்கள். குட்டிக்கு 20 வாரம் ஆகும்வரை தினமும் குறைந்தது நாலு மணி நேரம் ஒரு ஆள் அதோடு இருக்க வேண்டும் என்பது ப்ரீடருக்கு அங்கே சட்டம். 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து 'லூசி சட்டம்'. கடையோ புரோக்கரோ குட்டி விற்கக் கூடாது. வளர்த்தவர்தான், தாயோடு வைத்துக் காட்டி, விற்க வேண்டும். குட்டி போடும் மிஷினாகவே வைத்திருந்து மீட்கப்பட்ட ஒரு நாயின் பெயர் லூசி.

அண்ணன் 'பக்கா' என்று சொல்வது இந்த நாலு மணி நேரத்தையும், பக்கத்தில் இருக்கும் தாயையும்தான். அதை ஃப்ளைட்டில் கொண்டுவர வேண்டியதில்லை. இங்கேயே தேடலாம்.

நம் சட்டமும் ரொம்பப் பின்தங்கியது இல்லை. 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள்படி ப்ரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்து, அந்தச் சான்றிதழை இடத்திலேயே மாட்டிவைக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. மைக்ரோசிப் கட்டாயம். 18 மாதம் ஆகாத பெண் நாயை இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது. இது மத்திய விதி என்பதால் மாலூர், பெங்களூரு பக்கம் வாங்கினாலும் இதேதான். பார்டர் தாண்டினால் சட்டம் மாறிவிடாது.

ஆனால் வியாபாரம் என்னவோ பார்டரில்தான் நடக்கிறது. "நீங்க வர வேண்டாம் மேடம், அத்திப்பள்ளியில கொண்டாந்து தர்றோம்" என்று சொன்னால், அந்தக் குட்டி எங்கே பிறந்தது என்று நீங்கள் பார்ப்பதை அவர் விரும்பவில்லை என்று அர்த்தம். கூடையில் வருவது முப்பது நாள் குட்டியாகவும் இருக்கலாம். 'சின்னதா எடுத்தாதான் நம்மகிட்ட ஒட்டும்' என்பார்கள். நம்பாதீர்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் கூடப் பிறந்ததுகளிடம்தான் கற்கிறது. அந்தப் பாடம் முடியாமல் வந்தால் மீதிப் பாடம் உங்கள் பெண் கையில்தான். பார்வோ வைரஸ் வேறு. உடம்புக்குள் புகுந்து பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வாந்தி, ரத்தபேதி. குழந்தை பெயர் வைத்து முடிப்பதற்குள் குட்டி போய்விடும்.

வீட்டுக்கே போங்கள். முடிந்தால் இரண்டு தடவை. தாய் எங்கே என்று கேளுங்கள். 'ஊர்ல இருக்கு' என்றால் நீங்கள் ஊருக்குக் கிளம்பிவிடலாம். தாய் உங்களைப் பார்த்து இரண்டு குரைப்பு குரைத்துவிட்டு முகர்ந்துபார்க்க வந்தால் நல்லது; மூலையில் ஒடுங்கினாலோ உறுமிக்கொண்டே இருந்தாலோ குட்டியைக் கையில் எடுக்காமலேயே திரும்புங்கள். எடுத்துவிட்டால் விட்டு வர மனசு வராது! குட்டிகள் பின்கட்டு ஷெட்டில் இருக்கின்றனவா, மிக்ஸி சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கின்றனவா? ஒரு சாவிக்கொத்தைக் கீழே போட்டுப் பாருங்கள். திடுக்கிடுவது தப்பில்லை. அடுத்த நிமிஷம் வந்து அந்தச் சாவியை முகர்கிற குட்டிதான் உங்கள் வீட்டுக்கு. தடுப்பூசிக் கார்டில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் டாக்டர் கையெழுத்தும் இருக்க வேண்டும். கென்னல் கிளப் பேப்பர் அப்பா அம்மா யாரென்று சொல்லும், குணத்தைச் சொல்லாது. நல்ல ப்ரீடர் உங்களைத்தான் அதிகம் கேள்வி கேட்பார். பகலில் யார் இருப்பீங்க, பாப்பாவுக்கு என்ன வயசு, ஊருக்குப் போனா எங்க விடுவீங்க என்று.

எந்த இனம்? ஓசூரைக் 'குட்டி இங்கிலாந்து' என்று சொல்லிச் சொல்லியே ஹஸ்கி வாங்கிவிடுகிறார்கள். மார்கழிக் குளிரை வைத்து சித்திரையைக் கணக்குப் போடாதீர்கள். 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத 11 இனங்களின் பட்டியலில் ஹஸ்கியும் பக்கும் இருக்கின்றன. நம் இனம் என்றால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறையே முன்பு இவற்றை வளர்த்துக் குட்டி தந்தது. ஓட இடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பது உண்டு. பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், பேரிகையைச் சுற்றி ரோஜாத் தோட்டம், தக்காளித் தோட்டம் இருக்கிற யாராவது ஒருவர் வீட்டு நாட்டு நாய் ஈன்றிருக்கிறதா என்று விசாரிப்பேன். தாய் யாரென்று தெரியும், வீடு தெரியும். அந்த நாலு மணி நேரத்தில் ஒரு மணியை நீங்களே போய்க் கொடுக்கலாம். மூன்றாவது வாரத்திலிருந்து சாயங்காலங்களில் பெண்ணைக் கூட்டிப் போங்கள். தூக்கச் சொல்லாதீர்கள். சும்மா உட்காரட்டும், குட்டி அவளிடம் வரட்டும். பயம் இரண்டு பக்கமும் சேர்ந்தே குறையும்.

8 வாரம் முடிந்ததும் வீட்டுக்கு. முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஆன பிறகு வெளியே காட்டலாம். ஆனால் தரையில் விட வேண்டாம், கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைத்தெரு, பஸ் ஹாரன், டிராக்டர், ஹெல்மெட் போட்ட ஆள், பாட்டியின் கைத்தடி எல்லாம் பார்க்கட்டும். தடுப்பூசிகள் எல்லாம் முடியட்டும் என்று நாலு மாதம் வீட்டுக்குள் பூட்டிவைத்தால் பழகும் காலம் போய்விடும். குட்டி வரும் நாள் தீபாவளியை ஒட்டி வேண்டாம். அத்திப்பள்ளி பட்டாசு எல்லாம் நம் ஏரியாவில்தான் வெடிக்கும். 12 வாரத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் மறு ஊசி. அந்தத் தேதியைக் காலண்டரில் பெண்ணையே எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

அண்ணனிடம் வேறு ஏதாவது கேளுங்கள். நல்ல கழுத்துப்பட்டை ஒன்று அனுப்பச் சொல்லலாம்.