கயிறு கிளைக்கு மட்டும்தானா?



வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக எங்கள் தெருத் தூங்குமூஞ்சி மரத்தில் கிளை கழித்தார்கள். மேலே ஏறியவர் கைலியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு நின்று, மெஷின் ரம்பத்தை ஒற்றைக் கையில் பிடித்து அறுத்தார். இடுப்பில் கயிறு இல்லை. கிளைக்குக் கட்டியிருந்தார்கள், காம்பவுண்டுச் சுவர் உடையக் கூடாதல்லவா! மூன்றடி தள்ளி மின்கம்பி. லைனை நிறுத்தச் சொன்னீர்களா என்று கேட்டேன். "சொல்லியாச்சு சார்" என்றார் மேஸ்திரி. என் வீட்டு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது (இன்வெர்ட்டர் எங்களிடம் கிடையாது).

புயலுக்குப் பின் ஆபத்து இன்னும் கூடும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களை அறுத்தவர்களுக்கு இது தெரியும்: வளைந்து கிடக்கும் மரம் வில்லாக விறைத்திருக்கும், தப்பான பக்கத்தில் ரம்பம் வைத்தால் எகிறி அடிக்கும். ரம்பத்தின் நுனி மரத்தில் இடித்தாலோ, மெஷினே முகத்தை நோக்கித் துள்ளும்.

தென்னை ஏறுவோருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் விபத்துக் காப்பீடாவது இருக்கிறது. தினக்கூலிக்குக் கிளை கழிப்பவருக்கு? இடுப்பு வார், தலைக்கவசம், மின்நிறுத்தத்துக்கான எழுத்துச் சான்று ஆகியவற்றை உள்ளாட்சி ஒப்பந்தங்களில் கட்டாயமாக்க வேண்டும். இவை இல்லாமல் வேலை நடந்தால் ஒப்பந்ததாரரின் பில்லை நிறுத்த வேண்டும்.

ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.