குருக் குறும்படங்களில் கேட்க வேண்டியது

வட திராவிடக் கிளையைச் சேர்ந்த குருக், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 19.9 லட்சம் பேரின் தாய்மொழி. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா, மேற்கு வங்கம் எனப் பரந்து வாழும் ஓராவோன் மக்களின் இம்மொழிக்கு எட்டாவது அட்டவணையில் இன்னும் இடமில்லை. இம்மக்களின் இளந்தலைமுறையினர் எடுக்கும் குறும்படங்களைப் 'பண்பாட்டுக் கொண்டாட்டம்' என்று பாராட்டிவிட்டுக் கடந்துபோவது கல்விப்புலத்தின் வழக்கமாகிவிட்டது.

அப்பாராட்டு ஒருவகையில் தீங்கும்கூட. கொண்டாட்டம் என்றதும் கேமரா சர்குல் திருவிழாவையும் மேளத்தையும் தேடிப் போகிறது. பாட்டும் ஆட்டமும் மொழி மங்கிய பின்னரும் தாக்குப்பிடிக்கும். முதலில் உதிர்வது அடுப்படிப் பேச்சு: பிள்ளையை அதட்டுவது, கொடுத்த கடனைக் கேட்பது, அண்டை வீட்டாரைக் கேலி செய்வது.

குருக்கைப் பொறுத்தவரை இவ்விழப்பு இலக்கணத்தையே தொடும். பெண்கள் தங்களுக்குள் பேசும்போது சில வினைகள் தனி விகுதி ஏற்கின்றன. அதே பெண் ஆணிடம் பேசினால் அவ்விகுதி வராது. பிரான்சிஸ் எக்கா 1972ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வினாநிரலோடு எதிரே அமரும் ஆண் ஆய்வாளரிடம் இவ்வடிவம் இயல்பாக வெளிப்படாது. எடுத்துக்காட்டு வாக்கியத்தைக் கேட்டு வாங்கலாம்; பேச்சை அப்படி வாங்க முடியாது. நாற்று நட்டபடி இரு பெண்கள் ஊர்வம்பு பேசுவதை அவ்வூர்ப் பெண்ணொருத்தியே படம்பிடித்தால், மூன்று நிமிடம் போதும். எழுதிய வசனம் இயல்புப் பேச்சாகுமா என்ற ஐயம் நியாயமானதே. ஆயினும், தம் பாட்டி எப்படிப் பேசுவார் என்று வசனம் எழுதுபவர் எடுக்கும் முடிவும் மொழியியலுக்கு ஒரு தரவுதான்.

2015ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் 'எட்பா கானா' என்ற குருக் குறும்படம் பெற்றது ஒலியமைப்புக்கான விருது. பொருத்தமான தற்செயல்!

காதுக்கு உரியதாகிய இப்படங்களில் கண்ணுக்குக் கிடைப்பதோ இந்தி அல்லது ஆங்கிலத் துணையுரை. விழாக்கள் அதைக் கோருகின்றன. வெளியாருக்கு அது வேண்டியதுதான். ஆனால் குருக் பாதி மறந்த ஓராவோன் இளைஞரும் இந்தி வரியையே படித்துக்கொண்டு போகிறார், காது ஓய்ந்துவிடுகிறது. பேசப்படும் குருக்கையே தேவநாகரியிலோ தோலோங் சிக்கியிலோ திரையில் எழுதுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது, ஆள்தான் வேண்டும். ராஞ்சிப் பல்கலைக்கழகத்தில் குருக்கை முதுகலை வரை படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்க, ஒரு படத்தின் முழு வசனத்தையும் கேட்டு எழுதி இலக்கணக் குறிப்போடு தருவதை ஆய்வேடாக ஏற்றுக்கொள்ளத் துறைகள் முன்வர வேண்டும்.