கேஸ் மாத்திரைக்கு முன்னால் மூன்று கேள்விகள்

ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடி ஏறிவிட்டால், என் மருந்துக்கடையில் வலி மாத்திரையும் கேஸ் மாத்திரையும்தான் ஓடும். காவி உடுத்தி நடந்தே வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்துக் கேட்பார்கள்: "அண்ணே, காலுக்கு ஒண்ணு, அப்படியே வயித்துக்கும் ஒண்ணு." டைக்ளோபினாக் வகை மாத்திரை வலியைத் தணிக்கும்; இரைப்பைச் சுவரின் காப்பையும் குறைத்துவிடும்.

யாத்ரீகருக்கு இது சில நாள் பாடு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற எங்கள் பக்கத்துப் பெண்களுக்கோ வருஷம் முழுக்க. இடுப்புவலிக்கு ஒன்று, அது கிளப்பும் எரிச்சலுக்குப் பான்டோப்ரசோல்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நான் பழிக்கவில்லை. எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய மருத்துவர் சாமர்வெல், பிறகு நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் குடல்புண்ணுக்குக் கத்தி வைத்துத்தான் வைத்தியம் பார்த்தார். அரிசிச் சோறு உண்ணும் தெற்கில் அந்த நோய் அவ்வளவு இருந்தது. இன்று பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும்.

ஆனால் கிருமியால் வந்த புண், மாத்திரையை நிறுத்தினால் திரும்பி வரும். ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-இல் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் ராபின் வாரனோடு நோபல் பரிசும் பெற்றார். அந்தக் கிருமிக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையோடு ஆன்டிபயாடிக்குகளும் சேர்த்து, வழக்கமாக 14 நாள் தருவார்கள். நாலாம் நாளே வலி விட்டதென்று மிச்சப் பட்டையைத் திருப்பிக் கொடுத்துக் காசு கேட்பவர்கள் உண்டு. மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. வருகிறவர்கள் மூன்று கேள்விகளையும் கேட்கட்டும். கேஸ் மாத்திரை எத்தனை மாதமாக? வலி மாத்திரை எவ்வளவு? மலம் தார் போலக் கறுத்துப் போகிறதா? கறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். மற்றவர்களுக்குக் கிருமி இருக்கிறதா என்று அறிய எப்போதும் எண்டோஸ்கோபி வேண்டியதில்லை, மலப் பரிசோதனையே உண்டு. தாலுகா மருத்துவமனைதோறும் அது இலவசமாகக் கிடைக்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, பான்டோப்ரசோலை நிறுத்த வேண்டும். தின்றுகொண்டே போனால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.