அளப்பவனுக்குப் படியளப்பவர் யார்?

நம் நகரங்களிலே வீதித் திறப்புவிழாவுக்குப் பணம் உண்டு. பெயர்ப்பலகைக்குப் பணம் உண்டு. மாலைக்கும் மேளத்துக்கும் பணம் உண்டு. அவ்வீதி ஒப்பந்தப்படி போடப்படுகின்றதா என்று அருகில் நின்று அளப்பதற்கு மாத்திரம் பணம் இல்லையாம்!

வீதி என்பது கண்ணுக்குத் தெரியும் கறுப்புத் தோல் மாத்திரமன்று. அதன் உயிர் அடியிலே இருக்கின்றது. மண் போதிய அளவு இறுகியதா, சல்லி குறித்த கனத்துக்குப் பரவப்பட்டதா, தார்க்கலவை உரிய சூட்டோடு வந்ததா என்பவற்றை அந்தந்த வேளையிலேயே சோதித்தல் வேண்டும். தார் மூடியபின் குற்றமும் மூடப்பட்டுவிடும். பின்னர்த் துளையிட்டுப் பார்ப்பது பிரேத பரிசோதனையேயன்றி வைத்தியம் அன்று. ஒப்பந்தக்காரரின் குறைதிருத்தும் பொறுப்போ பெரும்பாலும் ஓராண்டோடு முடிந்துவிடுகின்றது. அடுத்த மாரியில் வீதி வாய் பிளந்தால், செலவு யார் தலையில்? வரியிறுக்கும் நகரவாசி தலையிலும், வெங்காய மூடையோடு சந்தைக்கு வரும் வலிகாமத்து விவசாயி தலையிலுமே!

“கணக்காய்வாளர் நாயகம் இருக்கின்றாரே” என்பர் சிலர். 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் அவருக்கு அதிகாரம் வழங்கியிருப்பது மெய்யே. ஆயினும் கணக்காய்வு பெரும்பாலும் பணம் போனபின் வருவது. பரிசோதனையோ பணம் போகுமுன் நிற்பது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இதனினும் பெரிய முறைகேடு ஒன்றுண்டு. பல ஒப்பந்தங்களில் மேற்பார்வைப் பொறியியலாளருக்கான அலுவலகம், ஆய்வுகூடம், வாகனம் ஆகியவற்றை ஒப்பந்தக்காரரே கொடுக்க வேண்டுமென விலைப்பட்டியலிலேயே எழுதப்படுகின்றது. பணம் மக்களுடையது, கொடுக்கும் கை ஒப்பந்தக்காரருடையது! தன் வழக்கில் தானே நீதிபதியாதல் கூடாதென்பது இயற்கை நீதியின் முதல் விதி. பிரதிவாதியின் வண்டியில் ஏறி நீதிமன்றம் செல்லும் நீதிபதியை யாராவது நம்புவரோ? அவர் நேர்மையாளராகவே இருக்கலாம். நேர்மை ஐயத்துக்கு இடமின்றித் தோன்றவும் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இதுவே: ஒவ்வொரு வீதி மதிப்பீட்டிலும் நூற்றுக்கு இரண்டு ரூபாவைப் பரிசோதனைக்கென வேறாக ஒதுக்குக. பத்துக் கோடி ரூபா வேலைக்கு இருபது இலட்சம். வீதியை மீண்டும் போடும் செலவோடு ஒப்பிட்டால் இஃது அற்பம். அத்தொகை ஒப்பந்தக்காரர் கையைத் தொடாமற் சபையிலிருந்தே செல்லட்டும். சோதனை முடிவுகள் சபை வாசலில் தமிழில் ஒட்டப்படட்டும். ஒட்ட மறுத்தால், 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனை இறுக்க இயலாதென அரசு கைவிரித்த நாடு இது. கடன் வாங்கிய காசைத் தரையில் கரைய விடும் ஆடம்பரம் நமக்கு அடுக்காது. 2025 மே மாதத்தில் வாக்குக் கேட்டு வந்து சபையேறிய உறுப்பினர்களே, வரும் பாதீட்டில் இந்த ஒரு வரியைச் சேர்ப்பீர்களா? சேர்க்க மறுப்பவர் எவரோ, அவர் யாருக்காக மறுக்கின்றார் என்பதை மக்கள் கேட்பர்!