கணக்கைப் போட்டது யார்?

எங்கள் பௌதிகத் துறையின் கீழ்த்தளத்தில் பழைய யுனிக்ஸ் யந்திரம் ஒன்று இருக்கிறது. எக்ஸ் கதிர்ச் சிதறல் கருவியோடு பிணைக்கப்பட்டது. எச்பி-யூஎக்ஸ் என்பது அதன் இயக்க முறை. அதை இவ்வாண்டோடு கழித்துவிட வேண்டும் என்று பேச்சு அடிபடுகிறது. அதன் உள்வேலைகளை முதுநிலை மாணவர்கள் கற்பது வீண் என்ற பேச்சும் கூடவே எழுந்திருக்கிறது. கழிப்பதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. வயதான யந்திரம், உதிரிப் பாகம் கிடைப்பதில்லை. ஆனால் கற்பது வீண் என்பதை நான் ஒப்பமாட்டேன். நம் சங்கத்தில் கலை மாணவர்களும் வணிக மாணவர்களும் பலர். அவர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். இதில் கம்ப்யூட்டரைவிட மனிதர்களைப் பற்றிய செய்தியே அதிகம்.

சென்ற ஆண்டு நடந்தது. கருவியைச் சரிபார்க்கச் சிலிக்கான் தூளை அளப்பது வழக்கம். சிலிக்கான் படிகத்தின் அலகு நீளம் 5.431 ஆங்ஸ்ட்ரம் என்பது எல்லோரும் அறிந்த எண். மூத்த ஆராய்ச்சி மாணவரான வங்காள நண்பர், எங்களுக்கெல்லாம் தாதா, அளந்தால் அந்த எண் வரும். நான் அளந்தால் மூன்றாவது தசமத்தில் பிசகும். தூளைச் சரியாக நிரப்பவில்லை என்றார்கள். மறுபடி நிரப்பினேன். மூன்று முறை நிரப்பினேன். “மதராஸிக்கு அவசரம் அதிகம்” என்று ஒருவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அன்றிரவு விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒருநாள் வேறொன்று தோன்றியது. தாதா அளந்த மூலக் கோப்பையே எடுத்து, என் பெயரில் நுழைந்து, அதே புரோகிராமை ஓட்டினேன். அவர் தூள், அவர் அளவு, அவர் புரோகிராம். வந்ததோ என் பிழை! தூள் குற்றவாளி அன்று என்பது அப்போதுதான் தெரிந்தது. என் கையும் குற்றவாளி அன்று.

பிறகு இருவருடைய சூழல் குறிப்புகளையும் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தோம். ‘ஷ்லிப் பாத்’ என்ற ஒரே வரிதான் வேறுபட்டது. அவருடைய வரியை எனக்கு இட்டேன். சரியான எண் வந்தது. என்னுடையதை அவருக்கு இட்டோம், அவருக்கும் பிசகியது.

காரணம் இதுதான். கோணமானியின் பூஜ்யப் பிழையைத் திருத்தும் பகுதி அந்தப் புரோகிராமுக்குள் இல்லை. தனியான ஒரு லைப்ரரிக் கோப்பில் இருந்தது. புரோகிராம் ஓடத் தொடங்கிய பின்பே அதைத் தேடிப் பிடித்து ஏற்றிக்கொள்ளும். வட்டிலோ அந்தக் கோப்பு இரண்டு இடங்களில் கிடந்தது. ஒன்று கோணமானியைச் சீர்செய்யுமுன் எழுதியது. மற்றது சீர்செய்தபின் எழுதியது. எந்த இடத்தில் முதலில் தேடுவது என்பதை அந்த ஒரு வரி சொல்லிற்று. அதை நான் படித்துச் சென்ற ஒருவரின் கோப்பிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு படியெடுத்திருந்தேன். அந்தக் குற்றம் மட்டும் என்னுடையது.

நம் சங்க நூல் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் ஓர் அகராதி வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கலாம். அல்லது வாசகசாலையில் ஒன்று வைத்து எல்லோரும் பார்க்கலாம். இரண்டாவது சிக்கனம். ஆனால் இரவோடிரவாக யாரோ வேறு பதிப்பை மாற்றி வைத்துவிட்டால், மறுநாள் எல்லோருடைய மொழிபெயர்ப்பும் மாறும். ஒருவருக்கும் காரணம் தெரியாது.

இந்தச் சிக்கனம் யுனிக்ஸோடு பிறந்ததன்று. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தாம்சனும் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸில், எல்லாப் பகுதிகளும் முன்கூட்டியே ஒரே கோப்பாகப் பின்னப்பட்டன. அதற்கு முந்திய மல்டிக்ஸில் ஓடும்போதே இணைக்கும் வசதி இருந்தும், இவர்கள் அதைக் கொண்டுவரவில்லை. அறியாமையால் விட்டார்கள் என்று நான் எண்ணவில்லை. அதே கூடத்தில் பின்னர் எழுந்த பிளான் 9-உம் முன்கூட்டிப் பின்னும் முறையையே கைக்கொண்டது.

நினைவகம் நெருக்கியபோதுதான் பகிர்வு வந்தது. சன் 3/50 யந்திரத்தில் இருந்தது 4 மெகாபைட். சாளரங்களை வரையும் பெரிய லைப்ரரியை ஒவ்வொரு புரோகிராமும் தனித்தனியே சுமந்தால் அது தாங்குமா? சிஸ்டம் ஃபைவ் மூன்றாம் வெளியீட்டில் லைப்ரரிகளுக்கு நிலையான முகவரி ஒதுக்கிப் பார்த்தார்கள். ஒன்று வளர்ந்து அடுத்ததன் இடத்தில் மோதினால் தலைவலிதான். 1988-இல் சன்ஓஎஸ் 4.0, எந்த முகவரியிலும் அமரக்கூடிய லைப்ரரிகளைத் தந்தது. ‘டிஎல்ஓப்பன்’ என்று கோப்பைத் திறந்து, ‘டிஎல்சிம்’ என்று பெயரைச் சொன்னால் முகவரி கிடைக்கும். எச்பி-யூஎக்ஸில் அதே வேலைக்கு ‘எஸ்எச்எல்-லோட்’, ‘எஸ்எச்எல்-ஃபைண்ட்சிம்’. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் ‘லோட்’. கோப்பின் வால்கூட ஓரிடத்தில் எஸ்ஓ, ஓரிடத்தில் எஸ்எல். சில யந்திரங்களில் பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு சேர்க்காவிட்டால் ‘அப்படி யாரும் இல்லை’ என்று பதில் வரும்! பெர்ல் மொழியை உருவாக்கியவர்கள் ஒவ்வொரு யுனிக்ஸுக்கும் ஓர் ஏற்றுக் கோப்பு எழுதிச் சலித்தார்கள். 1997-இல் வெளிவந்த ஒற்றை யுனிக்ஸ் விவரக்குறிப்பின் இரண்டாம் பதிப்பு டிஎல்ஓப்பனைப் பொது முறையாக்கியது. பின்னர் எச்பி-யூஎக்ஸும் அதை ஏற்றது.

‘அப்படியானால் தொல்லை தீர்ந்ததே, பழையதை ஏன் கற்க வேண்டும்?’ என்று கேட்பார்கள். பெயர்தான் ஒன்றாயிற்று, இயல்பு மாறவில்லை. இன்று நாம் பைதானில் ஓட்டும் கணக்குகளிலும் பெருக்கலும் கூட்டலும் செய்வது ஓடும்போது ஏற்றப்படும் லைப்ரரியே. ஷ்லிப் பாத் போய் ‘எல்டி லைப்ரரி பாத்’ என்ற வரி வந்திருக்கிறது. மேலே அழகாக மூடிவிட்டதால் பார்ப்பதுதான் குறைந்திருக்கிறது. தராசின் படிக்கல்லை மாற்றிவிட்டு அதே நிறை என்று எழுத எந்த விஞ்ஞானியாவது துணிவானா? கணக்கைப் போட்டது எந்தக் கோப்பு என்று அறியாமல் மூன்று தசமம் எழுதுவதும் அவ்வளவுதான்.

தாதாவும் நானும் இப்போது புரோகிராமில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். ஏற்றிய லைப்ரரியின் முழு விலாசமும் தேதியும் ஒவ்வொரு விடைத்தாளின் தலையிலும் அச்சாகும். பத்து வரி வேலை. ஒரு மாலை பிடித்தது.

ஆனால் எங்களுக்கு முன் படித்தவர்களின் நோட்டுப் புத்தகங்கள் அலமாரி நிறைய இருக்கின்றன. அவற்றில் எண்கள் உண்டு. எந்தத் திருத்தத்தால் வந்தவை என்ற குறிப்பில்லை. அவற்றுள் சில ஆய்வேடுகளில் ஏறிப் பட்டமும் பெற்றுவிட்டன. மூலக் கோப்புகள் அந்த யந்திரத்தின் வட்டில்தான் கிடக்கின்றன. பழைய லைப்ரரியும் அங்கே மட்டுமே ஓடும். ஆகவே துறைத் தலைவரிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இந்தப் பருவம் முடியும்வரை யந்திரத்தை விட்டுவைக்க வேண்டும். அந்த அளவுகளை இரண்டு கோப்புகளாலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுகிறோம் என்று. சனிக்கிழமை மாலைகளில் கூட இருந்து எண்களை எழுதித்தர இரண்டு பேர் வேண்டும். பௌதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.