நடைவழியில் ஒரு மடக்கு சீட்

திருகோணமலை மத்திய பஸ் நிலையத்தைச் சுற்றி மான்கள் திரியும். கோட்டைப் பக்கமிருந்து வந்து, கடைவாசலில் கிடக்கும் பழத்தோலைத் தின்றுவிட்டு, விரும்பிய இடத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். கொழும்பு போகும் வானுக்குள் ஏறியவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. "இன்னும் ஒராள்தான், கொஞ்சம் உள்ளுக்குப் போங்கோ" என்ற குரல் எழுந்தால், அந்த ஒராள் மூன்று பேராகும்வரை வண்டி நகராது.

இலங்கையில் 'டொல்பின்' என்று செல்லப்பெயர் பெற்ற டொயோட்டா ஹயஸ் வானின் உட்புறத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒருபக்கம் இரட்டை ஆசனங்கள், நடுவில் ஓர் ஒடுங்கிய வழி. அந்த வழியிலும் விரித்து மடிக்கும் சீட்டுகள். சில வண்டிகள் ஜப்பானிலிருந்து வரும்போதே அவற்றோடுதான் வருகின்றன. சிலவற்றில் இங்கே பொருத்துகிறார்கள். முதுகுச் சாய்மானம் தாழ்வு, தலைக்கு முட்டு இல்லை, பிடிக்கக் கம்பியும் இல்லை. அதில் இருப்பவரின் மடியில் கிண்ணியாத் தயிர்ச்சட்டி, காலடியில் யாரோ ஒருவரின் சூட்கேஸ். கடைசி வரிசையில் இருப்பவர் தம்புள்ளையில் இறங்க வேண்டுமென்றால், அவருக்கு முன்னால் நடைவழியில் இருக்கும் அத்தனை பேரும் எழும்பி, சீட்டை மடித்து, தயிர்ச்சட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, குனிந்தபடி வெளியே வந்து, அவர் இறங்கியபின் திரும்ப ஏற வேண்டும். பகலில் இது சிரிப்பு. நள்ளிரவில் ஒரு விபத்து நடந்தால், கதவுக்குப் போகும் ஒரே வழி இதுதான்.

ஏறக்குறைய 260 கிலோமீற்றர், ஆறேழு மணித்தியாலம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டில் யானை குறுக்கே வரும் வீதி அது. சாரதி சட்டென்று பிரேக் பிடித்தால், ஆசனப் பட்டியில்லாத மடக்கு சீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவர் எங்கே போய் மோதுவார் என்று யாரும் யோசிப்பதில்லை.

நிலாவெளிக் கடலுக்கும் புறாத் தீவுக்கும் வரும் வெளிநாட்டுப் பயணிக்கு இது சாகசம். முதுகுப்பைக்கும் ஒரு சீட்டுக் காசு கொடுத்து, முழங்கால் முன்சீட்டில் இடிக்க வந்து சேர்ந்ததை ஊருக்குப் போய் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார். லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் வரும் நம்மவர் பாடு வேறு. கட்டுநாயக்காவில் அவரைக் கூட்டிவர மாமா, மாமி, சித்தப்பா, அவர்களின் பிள்ளைகள் என்று ஒரு வான் நிறைய ஆட்கள் போயிருப்பார்கள். திரும்பும்போது அவருக்கும் அவர் கொண்டுவந்த பெட்டிகளுக்கும்தான் இடம் இருக்காது. இதில் கோபப்பட யாருக்கும் மனம் வராது. அன்பின் நெருக்கடி அது. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து வீட்டுக்கு வந்துபோகும் தாதிக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் இது சாகசமுமில்லை, அன்புமில்லை. அவர்கள் முழுக் கட்டணம் கொடுத்து அரை இடத்தில் வருகிறார்கள்.

'இன்னும் ஒராளுக்கு இடமிருக்கு' என்ற பேச்சுக்கு இந்த மாவட்டம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப்படகு கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால், அந்தப் பிள்ளைகளுக்குப் படகை விட்டால் வேறு குறுக்குவழி இல்லை.

சாரதியின் பேராசைதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். தனியார் பஸ்களிலும் வான்களிலும் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. முதலாளிக்குக் கொடுக்க வேண்டியதும் டீசல் காசும் போக மிஞ்சுவதுதான் சாரதிக்கும் நடத்துநருக்கும். நடைவழியில் விரியும் ஒவ்வொரு சீட்டும் அவர்கள் வீட்டு அரிசி.

கென்யாவில் இதே ஹயஸ் ரகத்தைச் சேர்ந்த 14 ஆசன வான்களையும் 'மட்டாட்டு' என்பார்கள். 2004 பெப்ரவரியில் போக்குவரத்து அமைச்சர் ஜான் மிச்சுக்கி கொண்டுவந்த விதிகள் ஆசனப் பட்டியையும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் கட்டாயமாக்கின. கணக்குக்கு மேல் ஆள் ஏற்றக்கூடாது. சாரதியையும் நடத்துநரையும் நிரந்தர வேலைக்கு வைக்க வேண்டும். முதல் நாள் பெரும்பாலான வான்கள் ஓடவில்லை, நைரோபி மக்கள் நடந்தே வேலைக்குப் போனார்கள். பிறகு வான்கள் பட்டியோடு திரும்பி வந்தன. காலப்போக்கில் பிடி தளர்ந்தது உண்மை. ஆனாலும் ஒரு வானுக்குள் எத்தனை பேர் என்பது பயணியின் பொறுமையைப் பொறுத்த விஷயமல்ல, அரசு எண்ண வேண்டிய விஷயம் என்று அங்கே ஒருமுறை நிரூபித்தார்கள்.

சம்பளம் மட்டும் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2025 மே 11ஆம் திகதி, வெசாக்குக்கு முதல் நாள், கொத்மலை கெரண்டிஎல்லயில் பள்ளத்தில் விழுந்தது சம்பளக்காரர்கள் ஓட்டும் இலங்கை போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ். கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன அந்த வண்டியில் 75 பேர் வரை இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நீண்ட விடுமுறைக்கு மேலதிக வண்டி விடாமல், ஏறுகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

சம்பளத்துக்கும் மேலதிக வண்டிக்கும் காசு வேண்டும், காலம் வேண்டும். மடக்கு சீட்டுக்கு ஒரு திருகுச்சாவி போதும். தூர சேவை வான்களில் நடைவழி சீட்டுகளைக் கழற்ற வேண்டும். ஆசன எண்ணிக்கையைக் கதவில் பெரிதாக, மூன்று மொழியிலும் எழுத வேண்டும். அனுமதிப்பத்திரம் பார்க்க வண்டியை மறிக்கும் பொலிஸார் தலையையும் எண்ணட்டும். அதுவரை, பயணிகள் வண்டி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். இலக்கம் 1955.